நிரோத்பரனின் நோட்டுகளும் ‘துயர மனிதனும்’

“என்னால் முடியாது”, “நான் எதற்கும் உதவாதவன்” என்று ஒருவர் தமக்குள் ஓயாமல் சொல்லிக்கொள்வதை உளவியலில் எதிர்மறை சுயபேச்சு என்பர். இதை மாற்றும் முறைகள் அமெரிக்காவில்தான் சிகிச்சையாக வடிவம் பெற்றன. 1950களின் நடுவில் நியூயார்க்கில் ஆல்பர்ட் எல்லிஸும், 1960களில் பிலடெல்பியாவில் ஆரோன் பெக்கும் அவற்றை உருவாக்கினர். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் ஒரு மருத்துவர் தம் மனச்சோர்வை நோட்டில் எழுதிக் கொடுத்துப் பதில் பெற்றுக்கொண்டிருந்தார். அது சிகிச்சை அன்று, யோகப் பயிற்சி. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க இடமுண்டு.

இரவில் எழுதப்பட்ட பதில்கள்

அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரிக்கு வந்தார். 1926 நவம்பருக்குப் பின் தரிசன நாட்கள் தவிர மற்ற நாட்களில் சீடர்களைச் சந்திப்பதை நிறுத்தினார். எனவே சீடர்கள் தம் ஐயங்களைக் கடிதமாகவும் நோட்டிலும் எழுதி அனுப்பினர். அவர் இரவெல்லாம் விழித்திருந்து பதில் எழுதினார்.

அவர்களில் ஒருவர் நிரோத்பரன். சிட்டகாங்கில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். ஆசிரம மருந்தகத்தைக் கவனித்தவர். 1933 முதல் 1938 வரை நீண்ட அவருடைய நோட்டுகளில் திரும்பத் திரும்ப வருவது புலம்பல்தான்: கவிதை வரவில்லை, நம்பிக்கை இல்லை, மருத்துவத்திலும் திறமை போதாது. அரவிந்தர் அவரைக் கண்டிக்கவில்லை, கேலி செய்தார். புலம்பும் அந்தப் பகுதிக்கு ‘துயர மனிதன்’ என்று ஒரு பெயரே வைத்துவிட்டார். பெயர் விவிலியத்திலிருந்து வந்தது. பயன்பாடு முழுக்க நகைச்சுவை. நிரோத்பரன் சோர்ந்து எழுதினால், அது அவர் அல்ல, துயர மனிதன் மறுபடி வந்துவிட்டான் என்ற தொனியில் பதில் வரும்.

இதன் வேர் 1908 தொடக்கத்தில் பரோடாவில் இருக்கிறது. அங்கே விஷ்ணு பாஸ்கர் லேலே என்னும் யோகி, எண்ணங்கள் வெளியிலிருந்து வருவதைக் கவனித்து, உள்ளே நுழையுமுன் தள்ளிவிடுமாறு அரவிந்தருக்குச் சொன்னார். மூன்று நாட்களில் மனம் அமைதியடைந்ததாக அரவிந்தர் பின்னாளில் எழுதினார். சீடர்களுக்கும் அவர் இதையே சொன்னார்: சோர்வை உன்னுடையது என்று ஏற்காதே, விலக்கு.

ஒற்றுமையும் வேற்றுமையும்

பெக்கின் முறையில் எண்ணத்தைத் தாளில் எழுத வேண்டும். அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன என்று பார்த்து, பொருத்தமான மாற்று எண்ணத்தை எழுத வேண்டும். எல்லிஸ் இன்னும் கடுமையானவர். “எனக்கு இது நடக்கவே கூடாது” போன்ற கட்டாயங்களோடு நேரடியாக வாதிடுவார், நகைச்சுவையையும் கருவியாக்குவார். அரவிந்தரும் சில வேளைகளில் எதிர் ஆதாரம் காட்டினார். தாம் இயல்பில் தத்துவவாதி அல்ல, யோகத்தால்தான் தத்துவம் எழுத வந்தது என்று தம்மையே சான்றாக வைத்தார். ஆனால் பெரும்பாலும் அவர் எண்ணத்தோடு வாதாடச் சொல்லவில்லை; அதிலிருந்து விலகி நிற்கவே சொன்னார். எண்ணத்தை எண்ணமாக மட்டும் பார்க்கும் இந்த விலகல், பின்னர் வந்த மனநிறைகவன சிகிச்சைகளுக்கே நெருக்கமானது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. எல்லிஸ், பெக் இருவரும் உளப்பகுப்பாய்வில் தொடங்கி அதைவிட்டு விலகியவர்கள். அடிமனத்தைத் தோண்டும் அம்முறையை அரவிந்தரும் 1930களிலேயே தம் கடிதங்களில் கடுமையாக விமர்சித்தார்.

எல்லை எங்கே?

நிரோத்பரனின் சோர்வுக்கு நோட்டும் நையாண்டியும் போதுமானவையாக இருந்தன. கடுமையான மனச்சோர்வு நோய் வேறு. அங்கே “அந்த எண்ணத்தைத் தள்ளிவிடு” என்று மட்டும் சொல்வது நோயாளியின் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றுவதாகிவிடும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015ஆம் ஆண்டு அறிக்கைப்படி, ஒரு லட்சம் பேருக்கு 43.2 என்ற தற்கொலை விகிதத்துடன் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது இதே புதுச்சேரிதான். அத்தகைய நிலையில் உள்ளவருக்கு மனநல மருத்துவரின் உதவி தேவை, மருந்தும் தேவைப்படலாம்.

1938 நவம்பரில் அரவிந்தரின் கால் முறிந்தது. நோட்டுப் பரிமாற்றம் நின்றது. நிரோத்பரன் அவருடைய பணிவிடையாளராகவும் எழுத்தராகவும் ஆனார். கவிதை வரவில்லை என்று புலம்பியவரின் கவிதைகள் பின்னர் நூலாக வந்தன. நோட்டுகளும் அச்சேறின, துயர மனிதனோடு சேர்த்து. நிரோத்பரன் 2006இல் தம் 102ஆம் வயதில் புதுச்சேரியில் காலமானார்.