நியூஸிலாந்தில் குற்றவழக்கு ஆவணங்கள்: யார், எதை, எப்படிப் பெறலாம்?

நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகரில், தெற்குப் புறநகரான பாபடோயிட்டோய் இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் இடம். ஃபிஜியிலிருந்து வந்தோர், பஞ்சாபிகள், குஜராத்திகள் ஆகியோருக்கிடையே தமிழ்க் குடும்பங்களும் அங்கு வசிக்கின்றன. அங்குள்ள ஒருவர் மீது குற்றவழக்கு ஏதேனும் உண்டா என்ற கேள்வி பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு திருமணப் பேச்சின்போது எழக்கூடும். தன்மீதான பழைய வழக்கு ஒன்றின் தீர்ப்பு நகலை விசா விண்ணப்பத்துக்காகத் தேடுபவருக்கும், தாக்குதலுக்கு உள்ளான கடைக்காரரின் குடும்பத்துக்கும் இதே கேள்வி வேறு வடிவில் எழும்.

இந்தியாவிலிருந்து இதனைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஓர் எதிர்பார்ப்புடன் வருகிறார்கள். இந்திய மாவட்ட நீதிமன்றங்களுக்கான இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம், ஆண்டு ஆகியவற்றைத் தெரிவு செய்து, வழக்கில் சம்பந்தப்பட்டவரின் பெயரைக் கொடுத்துத் தேட முடியும். நியூஸிலாந்தில் குற்றவழக்குகளை அவ்வாறு பெயர் கொடுத்துத் தேடும் பொது வசதி கிடையாது. நீதிமன்ற விசாரணை அனைவருக்கும் திறந்தது என்று 2011ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறுகிறது. எவரும் சென்று பார்வையாளர் வரிசையில் அமரலாம். ஆனால் விசாரணை திறந்திருப்பதும் ஆவணம் திறந்திருப்பதும் அங்கே ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல் அனுப்பப்படும் கோரிக்கைகள் பயனின்றிப் போகின்றன.

எந்த நீதிமன்றம், எந்த எண்?

பாபடோயிட்டோயில் நடந்ததாகக் கூறப்படும் குற்றம் தொடர்பான வழக்கு பொதுவாக மனுகாவ் மாவட்ட நீதிமன்றத்தில் முதலில் அழைக்கப்படும். புஹினுயி ரயில் நிலையத்திலிருந்து ஒரே நிறுத்தத்தில் இருக்கும் மனுகாவில், மனுகாவ் ஸ்டேஷன் சாலையில் அது அமைந்துள்ளது. கொலை போன்ற மிகக் கடுமையான குற்றங்கள் ஆக்லாந்து உயர் நீதிமன்றத்துக்குச் சென்றாலும், அவையும் தொடங்குவது மாவட்ட நீதிமன்றத்தில்தான்.

ஆவணத்தைத் தேடுபவருக்குப் பெயரைவிட வழக்கு எண்ணே உதவும். குற்றவழக்கு எண் 'சி.ஆர்.ஐ.' என்ற எழுத்துகளுடன் தொடங்கி, ஆண்டு, நீதிமன்றக் குறியீடு, வரிசை எண் என்ற முறையில் அமையும். மனுகாவ் நீதிமன்றத்தின் குறியீடு 092. ஆக்லாந்து மாவட்ட நீதிமன்றத்துக்கு 004, ஆக்லாந்து உயர் நீதிமன்றத்துக்கு 404. ஆகவே உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் தலைப்பில் 092 என்று காணப்பட்டால், அந்த வழக்கு மனுகாவில் தொடங்கியது என்று அறியலாம். எண் தெரியாதவர் முழுப்பெயர், பிறந்த தேதி, வழக்கு அழைக்கப்பட்ட நாள் ஆகியவற்றையேனும் தர வேண்டியிருக்கும்.

இங்கே தமிழர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தந்தையின் பெயரை முன்னெழுத்தாக வைப்பது நம் வழக்கம். கடவுச்சீட்டில் அது விரிவடைந்து, சில நேரம் குடும்பப் பெயராகவும் சில நேரம் இயற்பெயராகவும் பதிவாகிறது. கைது செய்யும் பொலிஸார் எழுதிக்கொள்ளும் வரிசை இன்னொன்றாக இருக்கலாம். ஒரே மனிதர் மூன்று ஆவணங்களில் மூன்று பெயர்களில் இருப்பதும், மூன்று மனிதர்கள் ஒரே பெயரில் இருப்பதும் சாத்தியம். எனவே எழுத்துக்கூட்டல் வேறுபாடுகள் அனைத்தையும் பிறந்த தேதியுடன் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

பெயர் ஒற்றுமையால் விளையும் தீங்கு கற்பனையானதல்ல. நியூஸிலாந்தில் குற்றவாளிகளின் பட்டியலைத் தன் இணையதளத்தில் வைத்திருந்த சென்சிபிள் சென்டன்சிங் ட்ரஸ்ட் என்ற அமைப்பு, குற்றமேதும் செய்யாத ஒருவரைச் சிறார்மீது பாலியல் குற்றம் புரிந்தவராகத் தவறாகக் காட்டியதற்காக 2018இல் தனியுரிமை ஆணையரின் பகிரங்கக் கண்டனத்துக்கு உள்ளானது. குற்றம் புரிந்தவரின் பெயரும் அவரது பெயரும் ஒன்றாக இருந்ததே காரணம்.

உரிமையாகப் பெறக்கூடியவை

நீதிமன்ற ஆவணங்களைப் பெறுவது 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்கீழ் அமைகிறது. மாவட்ட நீதிமன்றத்துக்கு ஒரு விதித்தொகுப்பும், உயர் நீதிமன்றத்துக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் இன்னொன்றும் உள்ளன. உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றே. அவை ஆவணங்களை இரண்டாகப் பிரிக்கின்றன.

முதலாவது, முறைப்படியான நீதிமன்றப் பதிவு. நீதிபதியின் தீர்ப்பு, அதற்கான காரணங்கள், உத்தரவுகள், குற்றச்சாட்டும் முடிவும் தண்டனையும் குறிக்கப்பட்ட நிரந்தரப் பதிவு ஆகியன இதில் அடங்கும். இதனைப் பார்ப்பதற்கு எவருக்கும் உரிமை உண்டு. கேட்பவர் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவோ நியூஸிலாந்துக் குடிமகனாகவோ இருக்க வேண்டியதில்லை. நீதிமன்றத் தடையுத்தரவோ சட்டத்தின் தடையோ இருந்தால் மட்டும் அந்த உரிமை கட்டுப்படும். தண்டனை விதிக்கும்போது நீதிபதி கூறும் குறிப்புகளே பெரும்பாலான தேவைகளுக்குப் போதும் என்பது அதிகம் அறியப்படாத செய்தி. என்ன நடந்தது, நீதிபதி எதை ஏற்றார், எதை மறுத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் பலவற்றை நீதித்துறையின் இணையதளத்திலும், நியூஸிலாந்துச் சட்டத் தகவல் நிறுவனத்தின் தளத்திலும் இலவசமாகப் படிக்கலாம். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகளில் தெரிவு செய்யப்பட்ட சிலவே இணையத்தில் வெளியாகின்றன. பாபடோயிட்டோய் வாசிகளின் வழக்குகளில் பெரும்பகுதி மாவட்ட நீதிமன்றத்திலேயே முடிந்துவிடும் என்பதால், இணையத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பது வழக்கே இல்லை என்பதற்குச் சான்றாகாது.

அனுமதி கேட்க வேண்டியவை

இரண்டாவது வகை, வழக்குக் கோப்பில் உள்ள மற்ற அனைத்தும்: சாட்சிகளின் வாக்குமூலங்கள், பொலிஸாரின் நிகழ்வுச் சுருக்கம், புகைப்படங்கள், மருத்துவ அறிக்கைகள் முதலியன. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் வழக்குத் தொடுத்த தரப்புக்கும் கோப்பைப் பார்க்கும் உரிமை உண்டு, சில விலக்குகளுடன். மற்றவர்கள் பதிவாளருக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பதாரரின் பெயரும் முகவரியும், எந்த ஆவணம் என்ற தெளிவான விவரமும், எதற்காக என்ற காரணமும் அதில் இருக்க வேண்டும். 'வழக்கு தொடர்பான அனைத்தையும் அனுப்புக' என்று எழுதுவது நிராகரிப்பைத் தேடிச் செல்வதற்கு ஒப்பாகும்.

முடிவெடுப்பவர் பல நலன்களை எடைபோட வேண்டும். நியாயமான விசாரணைக்கான உரிமை, பாதிக்கப்பட்டோரின் அந்தரங்கம், சிறார்களின் பாதுகாப்பு ஆகியன ஒரு தட்டில். பகிரங்க நீதி என்ற கோட்பாடும் தகவல் பெறும் சுதந்திரமும் மறு தட்டில். இந்த எடை காலத்தைப் பொறுத்து மாறுவது கவனிக்கத்தக்கது. விசாரணைக்கு முன்னர் அந்தரங்கத்துக்கும் நீதி நிர்வாகத்தின் ஒழுங்குக்கும் முக்கியத்துவம் அதிகம். விசாரணை நடக்கும்போது பகிரங்க நீதியின் பக்கம் தராசு சாய்கிறது. முடிந்தபின், தீர்ப்புக்கு ஆதாரமாக அமைந்த ஆவணங்களுக்கு ஓர் அளவுகோலும், கோப்பில் வெறுமனே கிடந்தவற்றுக்கு வேறோர் அளவுகோலும் உண்டு. ஒரே கோரிக்கை ஒரு மாதத்தில் மறுக்கப்பட்டு வேறொரு மாதத்தில் ஏற்கப்படுவது இதனால்தான்.

தகவல் உரிமைச் சட்டத்தைக் கொண்டு இதனைச் சுற்றி வர முடியாது. 1982ஆம் ஆண்டின் அதிகாரபூர்வத் தகவல் சட்டம் அமைச்சுகளையும் பொலிஸாரையும் கட்டுப்படுத்துமே தவிர நீதிமன்றங்களை அல்ல. இந்தியாவிலும், நீதிமன்ற ஆவண நகல்களை அந்தந்த நீதிமன்ற விதிகளின்படியே பெற வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்தது.

இந்த ஏற்பாட்டில் குறை இல்லாமல் இல்லை. காரணம் கூறி, விதியின் மொழியில் எழுதத் தெரிந்த பத்திரிகையாளருக்கும் வழக்கறிஞருக்கும் கதவு விரைவில் திறக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதத் தயங்கும் முதியவருக்கு, தன் மகன் தாக்கப்பட்ட வழக்கில் நீதிபதி என்ன சொன்னார் என்பதை அறிவதும் பெரும்பாடாகிவிடுகிறது.

தன் பதிவைத் தானே கேட்பது

திருமணம், வேலை, குடியேற்றம் ஆகியவற்றுக்குப் பொருத்தமான வழி இதுதான். நியூஸிலாந்து நீதி அமைச்சிடம் எவரும் தமது குற்றப்பதிவைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம். அடையாள ஆவணத்துடன் விண்ணப்பித்தால், 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டத்தின் காலவரையறை. பிறர் கேட்பதாயின் சம்பந்தப்பட்டவரின் கையொப்பமிட்ட ஒப்புதல் வேண்டும். ஆகவே மணமகன் வீட்டாரைப் பற்றி இரகசியமாக விசாரிக்க முயல்வதைவிட, அவரிடமே கேட்பது சட்டப்படி எளிது. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கான துணிவு வேறு விடயம்.

ஆயினும் வெற்றுத் தாளாக வரும் பதிலை எப்படி வாசிப்பது? 2004ஆம் ஆண்டின் 'கிளீன் ஸ்லேட்' சட்டத்தின்படி, ஏழு ஆண்டுகள் புதிய தண்டனை ஏதுமின்றி இருந்து, ஒருபோதும் சிறைத்தண்டனை பெறாமல், அபராதங்களைச் செலுத்தி, வேறு சில நிபந்தனைகளையும் நிறைவேற்றிய ஒருவரது பழைய தண்டனைகள் மறைக்கப்படும். பாலியல் குற்றங்கள் பெரும்பாலும் இந்தச் சலுகைக்கு வெளியே உள்ளன. தகுதி பெற்றவர், தமக்குக் குற்றப்பதிவு இல்லை என்று சொல்லச் சட்டமே அனுமதிக்கிறது. அந்த உரிமையைக் கைவிடுமாறு வேலை கொடுப்பவர் வற்புறுத்துவது குற்றம். ஆனால் பொலிஸ், சிறைத்துறை, நீதிபதிப் பதவி போன்ற சிலவற்றுக்கு இது பொருந்தாது. வேறு நாடுகளையும் இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்பதால், வெளிநாட்டு விசாப் படிவத்தில் அந்நாடு கேட்பதற்கு உரிய பதிலை அளிக்க வேண்டும்.

இன்னொன்று, குற்றத்தீர்ப்பின்றி விடுவித்தல். குற்றத்தின் கடுமையைவிடத் தண்டனைப் பதிவின் விளைவு மிக அதிகமாக இருக்கும் என்று நீதிபதி கருதினால், 2002ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்கீழ் ஒருவரை விடுவிக்கலாம். அது விடுதலைத் தீர்ப்பாகவே கொள்ளப்படும். குடியேறியவர்கள் நாடு கடத்தப்படும் அபாயத்தைச் சுட்டிக்காட்டி இதனைக் கோருவதுண்டு.

பெயரை வெளியிடத் தடை

ஆவணம் கையில் கிடைத்துவிட்டது என்பதால் அதனை வெளியிடலாம் என்று பொருளல்ல. பெயரை மறைக்கும் உத்தரவு நடைமுறையில் இருக்கையில், தெரிந்தோ பொருட்படுத்தாமலோ அதனை மீறும் தனிநபருக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். முகநூலுக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் விலக்கில்லை.

தமிழர்கள் இதனை அருகிலிருந்து கண்ட சந்தர்ப்பம் 2021 செப்டம்பர் 3ஆம் தேதி ஏற்பட்டது. ஆக்லாந்தின் நியூ லின் பகுதியிலுள்ள பேரங்காடி ஒன்றில் பலரைக் கத்தியால் குத்தியவர் பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் 2011இல் காத்தான்குடியிலிருந்து மாணவராக வந்து அகதி அந்தஸ்து பெற்றவர். அவர் மீதான முந்தைய வழக்குகளின் தீர்ப்புகள் 2020இலும் 2021இலும் வழங்கப்பட்டிருந்தபோதிலும், அவற்றில் அவர் 'எஸ்' என்ற ஓரெழுத்தாகவே இருந்தார். பெயர் தெரிந்து தேடியவருக்கு அவை கிடைத்திரா. தாக்குதல் நடந்த அன்று அரசாங்கத்தாலும் பெயரைச் சொல்ல முடியவில்லை. நீதிமன்றம் தடையை நீக்கிய பின், மறுநாளே அது வெளியானது.

தடை நியூஸிலாந்தின் எல்லையோடு நின்றுவிடுவதும் உண்டு. 2018 டிசம்பரில் ஆக்லாந்தில் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் பயணி கிரேஸ் மில்லேனின் வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயரை பிரிட்டிஷ் ஊடகங்கள் உடனே வெளியிட்டன. நியூஸிலாந்தில் அந்தத் தடை 2020 டிசம்பர் வரை நீடித்தது. லண்டனில் இருந்து ஒருவர் சட்டப்படி எழுதியதை ஆக்லாந்தில் இருக்கும் உறவினர் பகிர்ந்தால், குற்றம் பகிர்ந்தவருடையதாகலாம்.

எல்லாவற்றையும் திறந்து வைக்கும் முறைக்கும் விலை உண்டு என்பதைத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று காட்டுகிறது. குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்ட ஒருவர், இணையத்தில் உள்ள தீர்ப்பில் தம் பெயர் இருப்பது வெளிநாட்டு விசாவைப் பாதிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி மறுத்தார். 2024 பெப்ரவரியில் மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது.

மிகப் பழைய வழக்குகளைத் தேடுவோர் நீதிமன்றப் பதிவகத்தோடு நின்றுவிடக் கூடாது. 1980க்கு முன்னர் மாவட்ட நீதிமன்றங்கள் மாஜிஸ்திரேட் நீதிமன்றங்கள் என்றே அழைக்கப்பட்டன; காலங்கடந்த கோப்புகள் நியூஸிலாந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்படுகின்றன. அதன் ஆக்லாந்து அலுவலகம் பாபடோயிட்டோய்க்கு அடுத்துள்ள மாங்கெரேயில் இருக்கிறது.