டேக் திருத்திகள்: இடைமுக வடிவமைப்பு

எம்பி3 போன்ற இசைக் கோப்புகளுக்குள் பாடலின் தலைப்பு, பாடியவர், ஆல்பம், ஆண்டு முதலிய விவரங்களை எழுதவும் மாற்றவும் உதவும் மென்பொருள் டேக் திருத்தி எனப்படும். எம்பி3டேக், மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட், கிட்3, பீட்ஸ் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. இவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் எளிமையா, வசதிப் பெருக்கமா என்றுதான் கேட்கிறார்கள். சேமிப்பதற்கு முன் எந்தக் கோப்பில் எது மாறப்போகிறது என்பது கண்ணில் படுகிறதா என்ற கேள்வி அதைவிட அடிப்படையானது. வேகத்தைக் கூட்டும் ஒவ்வொரு வசதியும் இந்தத் தெளிவில் கொஞ்சத்தையாவது பறித்துக்கொள்கிறது.

எம்பி3 கோப்பில் இத்தகைய விவரங்களை வைக்க 1996இல் எரிக் கெம்ப் வகுத்த ஐடி3 என்பது கோப்பின் கடைசியில் ஒட்டவைத்த 128 பைட்டுகள்தான். தலைப்பு, கலைஞர், ஆல்பம், குறிப்பு ஆகிய நான்குக்கும் 30 பைட்டு வீதம், ஆண்டுக்கு 4, இசைவகைக்கு ஒன்றே ஒன்று. ஆறு பெட்டிகள் கொண்ட படிவம் இதற்குப் போதும். 1998இல் வந்த ஐடி3வி2 இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனித்தனி இடம் தந்தது. ஆறு பெட்டிப் பழக்கம் அதோடு ஒழிந்துவிடவில்லை. தமிழ்த் திரைப்பாடல் கோப்புகளில் கலைஞர் என்ற பெட்டியில் ஒரு பாட்டுக்குப் பாடகரும் இன்னொன்றுக்கு இசையமைப்பாளரும் உட்கார்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உரிய இடம் கோப்பில் இருக்கிறது. கை போவதோ திரையில் முதலில் தெரியும் பெட்டிக்கு.

பல கோப்புகளை ஒன்றாகத் தேர்ந்தெடுக்கும்போது சிக்கல் முற்றுகிறது. ஒரு படத்தின் ஆறு பாடல்களைத் தேர்ந்தெடுத்தால் தலைப்புப் பெட்டியில் எதைக் காட்டுவது? வெறுமையாக விட்டால், விவரமே இல்லை என்றும் கொள்ளலாம், ஆறும் வேறுவேறு என்றும் கொள்ளலாம். எம்பி3டேக் அங்கே கோணக் குறிகளுக்குள் ‘கீப்’ என்று காட்டும். அழிக்க விரும்புவோர் ‘பிளாங்க்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாக வருபவர் ஆறு பாட்டுக்கும் ‘கீப்’ என்றே பெயரோ என்று மலைக்கக்கூடும். பார்க்க அழகில்லை; ஆனால் இருப்பதை விட்டுவை, துடைத்துப்போடு என்ற இரண்டு கட்டளைகளும் அதில் குழம்புவதில்லை. அந்த அளவில் இதுவே சரியான தீர்வு.

பிக்கார்ட் வேறு வழியில் போகிறது. இடப்பக்கம் இனங்காணாத கோப்புகள், வலப்பக்கம் மியூசிக்பிரெய்ன்ஸ் தரவுத்தளத்திலிருந்து வந்த ஆல்பங்கள், கீழே பழைய மதிப்பும் புதிய மதிப்பும் அருகருகே. சேமிக்கச் சொல்லும்வரை கோப்பில் எதுவும் எழுதப்படுவதில்லை. ஆனால் ஆல்பத்தை அலகாக வைத்து எழுந்த இடைமுகம் இது. ஒரே ஒலிப்பதிவு மூல ஆல்பத்திலும் பிந்தைய தொகுப்புகள் பலவற்றிலும் இருந்தால், உதிரியாக வரும் பாட்டு எதில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

தவறினால் ‘அன்டூ’ இருக்கிறதே, முன்காட்சி எதற்கு என்று கேட்கலாம். செய்த உடனே தெரியும் பிழைக்குத்தான் அது உதவும். டேக் கெட்டாலும் பாட்டு ஒலிக்கத்தான் செய்யும். பாட்டுக்குப் பாட்டு பாடகர் மாறும் படத்தில் ஆல்பம் கலைஞர் பெட்டி காலியாகிவிட்டால், சில இசைப்பான்களில் ஒரே படம் பல ஆல்பங்களாகச் சிதறும். அது கண்ணில் படுவது சில மாதம் கழித்தாக இருக்கலாம்; அதற்குள் திருத்தியை எத்தனையோ முறை மூடித் திறந்திருப்பார்கள்.

இன்னொரு மறுப்பு வலுவானது. பத்தாயிரம் கோப்புக்கும் ஒவ்வொன்றாக அனுமதி கேட்டால், படிக்காமலே சரி சரி என்று தட்டிக்கொண்டு போவார்கள். உண்மைதான். கட்டளைவரியில் இயங்கும் பீட்ஸ் இதற்கு விடை தேடியது: ஒப்புமை மிக வலுவாக இருந்தால் தானே ஏற்றுக்கொள்ளும், ஐயம் இருந்தால் மட்டும் வேறுபாட்டைக் காட்டிக் கேட்கும். ஏற்கத்தக்க சமரசம் இது. ஆயினும் அந்த ஒப்புமை தரவுத்தளத்தோடு உள்ள பொருத்தத்தை அளக்கிறதே தவிர, ஒருவர் தம் கையால் எழுதிவைத்த ராகப் பெயரின் அருமையை அளப்பதில்லை. பிக்கார்டில் ஏற்கெனவே உள்ள டேக்குகளைத் துடைக்கவும் குறிப்பிட்டவற்றைக் காக்கவும் விருப்பங்கள் உண்டு. அவை இருப்பது அமைப்புகள் பக்கத்தில், சேமி பொத்தானிலிருந்து வெகு தொலைவில்.