பத்தாண்டுக்கென்று எழுப்பிய இல்லங்கள்

இரண்டாம் உலக யுத்தம் முடியுந் தறுவாயில் இங்கிலாந்தை வாட்டிய கவலைகளுள், வெற்றியோடு திரும்பப்போகும் சிப்பாய்களை எந்தக் கூரையின்கீழ்க் குடியமர்த்துவது என்பது சிறியதன்று. ஜெர்மானிய விமானங்கள் பொழிந்த குண்டுகளால் லண்டன், கவென்ட்ரி, ஹல் முதலிய நகரங்களில் லட்சக்கணக்கான வீடுகள் இடிந்தும் சிதைந்தும் கிடக்க, கொத்தரும் தச்சரும் யுத்த சேவையில் சிதறியிருக்க, மரத்துக்குக் கடும் பஞ்சம் நிலவ, பழைய முறைப்படி கல்லின்மேல் கல்லாக அடுக்கி அத்தனை குடும்பங்களுக்கும் வீடு கட்டி முடிப்பதற்குப் பல ஆண்டுகள் செல்லும் என்பது யாவருக்கும் தெரிந்திருந்தது. 1944 மார்ச்சில் பிரதம மந்திரி சர்ச்சில் வானொலியில் பேசியபோது, தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தும் தற்காலிக வீடுகளை ஐந்து லட்சம் வரை அமைக்கலாம் என்று நம்பிக்கையூட்டினார்; அவ்வாண்டே பார்லிமெண்டு அதற்கெனச் சட்டமியற்றி 15 கோடி பவுன் ஒதுக்கியது.

கழற்றிப் பூட்டும் வீடு அப்போதுதான் தோன்றியதென்று எண்ணலாகாது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, மானிங் என்னும் லண்டன் தச்சர், ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறும் தம் மகனுக்காகக் கப்பலில் ஏற்றிச் சென்று அக்கரையில் பூட்டிக்கொள்ளத்தக்க மரக் குடிலொன்றைச் செய்து, பின்னர் அதையே தொழிலாகவும் நடத்தினார். ஆயினும் ஒரு ராஜாங்கமே முன்னின்று, தன் பிரஜைகளுக்கென்று இத்தனை பெரிய அளவில் இக்காரியத்தில் இறங்கியது புதுமையே.

முதலில் எஃகுத் தகட்டினால் மாதிரி வீடொன்று செய்து, லண்டன் டேட் சித்திரசாலையில் ஜனங்களின் பார்வைக்கு வைத்தார்கள். எஃகு போதாமையால் அது மாதிரியாகவே நின்றுவிட, வேறு பொருள்களால் அமைந்த பலவகை வீடுகள் அதனிடத்தைப் பெற்றன. அவற்றுள் எண்ணிக்கையில் முதலாவது அலுமினிய வீடு. யுத்தம் ஓய்ந்தால் வேலையற்றுப்போகும் விமானத் தொழிற்சாலைகளும், உபரியாய்க் குவிந்த அலுமினியமும் ஒருங்கே இதற்குப் பயன்பட்டன. நான்கு கூறுகளாக, குழாயும் மின்கம்பியும் அலமாரியும் உள்ளேயே பொருத்தப்பெற்று, லாரிகளில் வந்து இறங்கி, அடித்தளத்தின்மேல் இணைக்கப்பெற்ற இவ்வீடுகள் 54,500.

ஆனால் தகட்டையும் திருகையும்விட என் மனத்தைக் கவர்வது உள்ளமைப்பே. சமையலறையையும் குளியலறையையும் ஒரே சுவரின் இருபுறமும் முதுகோடு முதுகாக வைத்து, நீர்க்குழாய்கள் யாவற்றையும் அச்சுவருக்குள்ளேயே அடக்கிய கூட்டமைப்பொன்றைச் சர்க்காரின் சிற்பிகள் வகுத்தார்கள். அடுப்பு, துணி வெளுக்கும் கொப்பரை, வெந்நீர், உள்ளேயே கழிப்பிடம், செல்வர் வீட்டிலும் அக்காலத்தில் அருகியே காணப்பட்ட குளிர்பதனப் பெட்டி ஆகியவை அனைத்தும் சுமார் 635 சதுர அடியில் அடங்கின. முற்றத்து மூலையிலிருந்த கழிப்பிடத்துக்கு மழையிலும் பனியிலும் நடந்தும், கணப்பின்முன் தகரத் தொட்டியை இழுத்துவைத்து வாரமொருமுறை குளித்தும் பழகிய தொழிலாளிக் குடும்பத்தின் இல்லத்தரசி, இதனுள் முதன்முதல் காலடி வைத்தபோது அடைந்த ஆனந்தத்தை, அங்கே வாழ்ந்தவர்கள் முதுமையிலும் மறவாமல் சொல்லிவந்திருக்கிறார்கள். சுற்றிலும் தோட்டம் போட நிலமும் இருந்தது. பிற்காலத்தில் தொழிற்கட்சித் தலைவரான நீல் கின்னக் வேல்ஸ் தேசத்து டிரெடீகரில் சிறுவனாக வளர்ந்தது இத்தகைய வீடொன்றில்தான்.

ஆலையில் செய்தால் மலிவு என்று நம்பியவர்களுக்கு இந்த வரலாறு ஆதரவளிக்கவில்லை. செலவு மதிப்பீட்டைத் தாண்டிற்று. அலுமினிய வீடு செங்கல் வீட்டைவிடவும் அதிக விலை பெற்றது. குளிர்காலத்தில் சுவரில் ஈரம் கோத்தது. சுகாதார மந்திரி அனூரின் பெவன், நிரந்தரமான நல்ல வீடுகளையே ஏழைகளுக்குத் தர வேண்டும் என்னும் கொள்கையினராதலால், இவற்றை மனமொப்பி ஏற்கவில்லை. 1949க்குள் எழுந்தவை 1,56,623. சர்ச்சில் சொன்ன ஐந்து லட்சத்தில் மூன்றிலொரு பங்குக்கும் கீழே. இக்காலத்தில் இம்முறையைப் பரிந்துரைப்பவர்கள் வேகத்தையும் சிக்கனத்தையும் மட்டுமே முன்வைப்பதைக் காணுந்தோறும், இங்கிலாந்தில் ஜனங்கள் இவ்வீடுகளை விட்டகல மறுத்ததற்கு அவ்விரண்டும் காரணமல்ல, குடியிருப்பவளின் அன்றாட வேலையை எண்ணிப்பார்த்த அந்த அக்கறையே காரணம் என்று உரக்கச் சொல்லத் தோன்றுகிறது.

விட்டகல மறுத்தார்கள் என்பது மிகையன்று. சுமார் பத்தாண்டு நின்றால் போதும் என்று சர்க்கார் கருதிய இவ்வீடுகளுட் பல, அரை நூற்றாண்டு கடந்தும் மனிதர் வாழும் இல்லங்களாகவே விளங்கின. லண்டன் கேட்ஃபோர்டில் யுத்தக் கைதிகளின் உழைப்பால் எழுந்த எக்ஸ்காலிபர் குடியிருப்பில் 187 வீடுகள் இருந்தன. அவற்றை இடித்துப் புதிய வீடுகள் கட்ட நகரசபை முனைந்தபோது குடியிருந்தோரிடையே பெரும் பிணக்கு மூண்டது. 2009ஆம் ஆண்டில் ஆறு வீடுகள் மட்டும் பாதுகாக்கப்பட்ட சரித்திரச் சின்னங்களாயின. கார்டிஃபில் நின்ற அலுமினிய வீடொன்றோ, பிரித்தெடுக்கப்பெற்று, செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில், வேல்ஸ் தேசத்துப் பழம்பெரும் கற்குடில்களோடு சேர்த்து மறுபடியும் பூட்டி நிறுத்தப்பெற்றிருக்கிறது.