முகம் தெரிவதும் பாடத்தில் இருப்பதும்: புதுவைக் கிராமத்திலிருந்து இணையவழி உயர்கல்வியைப் பார்த்தல்

வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடைப்பட்ட கரிக்கலாம்பாக்கத்தில் கல்லூரிப் படிப்பு என்றால் இலாசுப்பேட்டைக்கோ காலாப்பட்டுக்கோ பேருந்து ஏறுவது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபோது அந்தப் பயணம் நின்றது. வகுப்பு கைபேசி வழியாக வீட்டுக்குள் வந்தது. தொற்று அடங்கியதோடு அது முடிந்துவிடவில்லை. ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் என்ற இணையக் கல்வித் தளத்தில் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி செய்தது. ஆகவே இணைய வகுப்பில் மாணவரை எப்படி ஈடுபடுத்துவது என்பது இன்றும் நம் முன் நிற்கும் கேள்வி. இதற்குப் பல துறைகள் கண்டிருக்கும் விடை கேமராவைப் போடச் சொல்வதும், பெயரைக் கூப்பிட்டு வருகை எடுப்பதும்தான். இந்த விடை தவறானது என்பது என் வாதம். மாணவருக்கு என்ன வேலை தரப்படுகிறது என்பதைப் பொறுத்தே ஈடுபாடு அமைகிறது; கைபேசியைப் பலர் பகிரும் வீடுகளில் அந்த வேலையைக் குறிப்பிட்ட மணி நேரத்தோடு கட்டிப்போடக் கூடாது.

2017–18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றின்படி இந்தியக் கிராமப்புற வீடுகளில் இணைய வசதி இருந்தவை 14.9 விழுக்காடு, நகரங்களில் 42. கணினி இருந்த கிராம வீடுகள் வெறும் 4.4 விழுக்காடு. அதற்குப் பிறகு கைபேசி பெருகிவிட்டதே என்று கேட்கலாம். பெருகியிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9.69 லட்சம் கல்லூரி மாணவருக்கு நாள்தோறும் 2 ஜிபி டேட்டா வழங்குவதாக அறிவித்ததும் நல்ல செயலே. ஆனால் வீட்டில் ஒரு கைபேசி இருப்பது வேறு, காலை பத்து மணிக்கு அது மாணவியின் கையில் இருப்பது வேறு. வேலைக்குப் போகும் அப்பா அதை எடுத்துப்போனால் டேட்டா இருந்தும் வகுப்பு இல்லை. கேமராவின் கதையும் இதுதான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் காஸ்டெல்லி, சர்வாரி இருவரும் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், கேமராவை அணைத்துவைக்கத் தம் தோற்றம் பற்றிய கவலை ஒரு காரணம் என்று 41 விழுக்காட்டினர் கூறினர். பின்னணியில் தெரியும் மனிதரும் இடமும், வலுவற்ற இணைப்பும் அடுத்தடுத்த காரணங்கள். வசதி மிக்க அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலேயே இப்படியென்றால், கொடியில் துணி காய, கட்டிலில் பாட்டி படுத்திருக்க, ஒரே கூடத்தில் குடும்பம் முழுவதும் புழங்கும் வீட்டிலிருந்து படிக்கும் பெண் திரையை மறைப்பதை அக்கறையின்மை என்று எப்படிச் சொல்வது?

விரிவுரையைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட எதையாவது செய்ய வைப்பதே மேல் என்பதற்கு வலுவான சான்று உண்டு. 225 ஆய்வுகளைத் தொகுத்து ஃப்ரீமன் குழுவினர் 2014இல் காட்டியது: அறிவியல், கணிதப் பாடங்களில் விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் 33.8 விழுக்காட்டினர் தோற்றனர்; மாணவர் பங்கேற்ற வகுப்புகளில் 21.8. அவை நேரடி வகுப்புகள்தாம். ஆயினும் விரிவுரை அப்படியே திரைக்கு மாறும்போது அதன் பலவீனம் குறைய வழியில்லை. மாற்று எப்படி இருக்கும்? பொருளியல் ஆசிரியர் நீர்ப்பாசனம் நடத்துகிறார் என்று கொள்வோம். பத்து நிமிட ஒலிப்பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். கூடவே ஒரு கேள்வி: பெண்ணையாற்றுச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும்போது, பக்கத்து நிலத்துக்காரர் ஏன் ஆழ்துளைக் கிணறு போட்டார்? ஒருவரிடம் கேட்டு, ஒரு நிமிடக் குரல்பதிவாகத் தமிழிலேயே இரண்டு நாளுக்குள் அனுப்ப வேண்டும். வாய்க்கால் தூர்ந்தது, முறை வைப்பு குலைந்தது, மின்சாரம் மலிந்தது என்று முரண்பட்ட பதில்கள் வரும். அவற்றில் மூன்றை எடுத்து வைத்தே அடுத்த நேரலை வகுப்பு நடக்கிறது. பாடம் புரிந்தும் ஆங்கிலத்துக்கு அஞ்சி வாய் திறக்காத மாணவர் இங்கே பேசிவிடுவார். பொதுவளப் பொருளாதாரம் என்ற கருத்தை அவர் அதன் பிறகு ஆங்கிலத்தில் எழுதக் கற்கலாம், வரிசை அதுதான்.

காப்பியடிப்பார்களே என்பது ஒரு தடை. தன் தெருவில் கேட்டுவந்த பதிலைக் காப்பியடிப்பது, அணைத்த கேமராவுக்குப் பின்னால் தூங்குவதைவிடக் கடினம். அறுபது பேர் பதிலைக் கேட்க ஆசிரியருக்கு ஏது நேரம் என்பது நியாயமான கேள்வி. வாரம் பத்துப் பேருடையதை முழுதாகக் கேட்டு மறுமொழி சொன்னால் போதும். ஆறு வாரத்தில் எல்லாரும் வந்துவிடுவார்கள். தவறவிட்டவருக்கு என்ன வழி என்பதற்கு என்பிடெல் இணையப் பாடங்களில் முன்மாதிரியே இருக்கிறது: 12 வாரப் பாடத்தில் ஒப்படைப்புகளில் சிறந்த எட்டு மட்டும் மதிப்பெண்ணுக்குக் கணக்கு. கைபேசி கிடைக்காத வாரம் யாரையும் தோற்கடிப்பதில்லை. கருணைக்காக மாணவர் கெஞ்ச வேண்டியதில்லை என்பதே இந்த விதியில் எனக்குப் பிடித்தது.

மிகக் கடுமையான தடை வேறு. நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் படிப்பே நழுவிவிடாதா? எம்ஐடி, ஹார்வர்டு இணையப் பாடங்களில் 2017–18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர் சுமார் 3 விழுக்காடுதான் என்று ரைக், ருயிபெரெஸ்-வாலியெந்தே இருவரும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் 46 விழுக்காட்டினர் முடித்தனர். முடிக்கும் எண்ணத்தோடு வந்தவர்களிலேயே பாதிக்கு மேல் நின்றுவிட்டார்கள் என்பதையும் மறைக்க முடியாது. எனவே கெடு வேண்டும், பெயர் தெரிந்த ஆசிரியர் வேண்டும், உட்கார்ந்து படிக்க ஓர் இடமும் வேண்டும். படிப்புக்கு இடம் தருவது இங்கே புதிதல்ல. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அவ்வூர் வித்தியாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டதைப் பதிவுசெய்கிறது. யாரெல்லாம் அங்கே படிக்க முடிந்தது என்பது தனி விவாதம். கல்வி நடக்கும் செலவை ஊரும் அரசும் ஏற்ற வழக்கம் இந்த மண்ணில் இருந்தது. இணையக் கல்வியில் அந்தச் செலவு, கூரை முதல் சிக்னல் வரை, மாணவர் வீட்டின் தலையில் விழுந்திருக்கிறது. ஸ்வயம் பாடத்துக்கு அனுமதி தரும் பல்கலைக்கழகம், கொம்யூன் பஞ்சாயத்துகளோடு பேசி, கரிக்கலாம்பாக்கம் போன்ற ஊர்களில் மாலை நேரத்தில் வைஃபை, நாலைந்து கணினி, பெண்கள் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய கூடம் ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அது வரும்வரை கேமரா அணைந்திருந்ததற்காக எந்த மாணவரின் வருகையையும் வெட்டக் கூடாது.