கண்ணாடிக்குள்ள ஒரு ஃபிலிம்

கார்ல ஃபிலிம்னு சொன்னாலே நமக்கு போலீஸ் நிறுத்திக் கிழிக்கிற கறுப்பு ஃபிலிம்தான் ஞாபகம் வரும். 2012 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் தடை போட்டதே, அதுதான். இன்னிக்கு நாம பேசப்போறது வேற ஒரு ஃபிலிம். அது விண்ட்ஷீல்டுக்கு உள்ளேயே இருக்கு. விண்ட்ஷீல்டுங்கிறது ஒரே கண்ணாடி இல்லை. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் ஏடு.

ஆரம்பகால கார்கள்ல இருந்தது வீட்டு ஜன்னல்ல போடுற சாதாரணக் கண்ணாடிதான். சின்ன மோதல்லகூட அது கத்தி கத்தியா உடைஞ்சு முகத்தைக் கிழிச்சிடும்.

எதுவார் பெனெடிக்டுஸ், பிரான்ஸ்ல ஓவியராவும் வேதியியலாளராவும் இருந்தவர். 1903-ல அவரோட ஆய்வகத்துல ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டது, ஆனா சிதறலை. உள்ளே இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ஞ்சு, ஏடு மாதிரி படிஞ்சு, துண்டுகளைப் பிடிச்சு வச்சிருந்தது. கார் விபத்துல கண்ணாடி குத்திக் காயம்பட்டவங்களைப் பத்தின செய்தியைப் படிச்சப்போ, அந்தக் குடுவை அவருக்கு ஞாபகம் வந்ததாம். 1909-ல பேட்டன்ட் வாங்கினார். மூணு அடுக்குங்கிறதால பேரு 'ட்ரிப்ளெக்ஸ்'.

ஆனா கார் கம்பெனிகள் உடனே ஓடி வரலை. விலை அதிகம். முதல் உலகப் போர்ல வாயு முகமூடிகளோட கண் பகுதிக்குத்தான் இது பெருசா பயன்பட்டது. 1920-களோட கடைசியில ஃபோர்டு மாடல் ஏ கார்ல விண்ட்ஷீல்டா வந்தது.

அப்புறம்தான் ஒரு 'பக்' தெரிஞ்சது. வெயில் பட்டுப் பட்டு செல்லுலோஸ் நைட்ரேட் மஞ்சளாயிடும். உயிரைக் காப்பாத்த வச்ச ஏடே, கொஞ்ச வருஷத்துல ரோட்டை மறைக்க ஆரம்பிச்சது. அடுத்து செல்லுலோஸ் அசிடேட் வந்தது. அது குளிர்ல விறைச்சுப் போச்சு. 1930-களோட பிற்பகுதியில வந்த பாலிவினைல் பியூட்டிரல், சுருக்கமா பிவிபி, ரெண்டு பிரச்சினையையும் தீர்த்தது. தெளிவா இருக்கும், நல்லா இழுபடும்.

கதை அங்கேயும் முடியலை. பிவிபி ஏட்டோட தடிமன் அப்போ 0.38 மில்லிமீட்டர்தான். சீட் பெல்ட் போடாத காலம். மோதுற வேகத்துல தலை ஏட்டையும் கிழிச்சுக்கிட்டு வெளியே போகும். உடைஞ்ச ஓட்டையோட விளிம்பு முகத்தையும் கழுத்தையும் அறுத்துடும். 1960-களோட நடுவுல அமெரிக்காவுல தடிமனை 0.76 மில்லிமீட்டரா, அதாவது ரெண்டு மடங்கா ஆக்கினாங்க. முகக் காயங்கள் நல்லாவே குறைஞ்சது.

இங்கதான் எனக்குப் பிடிச்ச விஷயம் இருக்கு. அவங்க கண்ணாடியை உடையாததா மாத்த முயற்சி பண்ணலை. கண்ணாடி உடையட்டும், ஏடு வலை மாதிரி இழுபட்டுத் தலையைத் தாங்கட்டும்னு யோசிச்சாங்க. சிஸ்டம் ஃபெயில் ஆகும்னு ஒத்துக்கிட்டு, அது எப்படி ஃபெயில் ஆகணும்னு டிசைன் பண்ணாங்க. நம்ம சாஃப்ட்வேர் ஆளுங்க அடிக்கடி மறக்குற பாடம் இது.

இப்போ பல கார்கள்ல பயணி பக்கத்து ஏர்பேக் விரியும்போது விண்ட்ஷீல்டுலதான் சாய்ஞ்சு நிக்குது. அதனால கல் பட்டு விரிசல் விட்டா, "அப்புறம் பாத்துக்கலாம்"னு விடாதீங்க. சீட் பெல்ட்டையும் மறக்காம போடுங்க. அந்த ஏடு கடைசிக் காவல்தான், முதல் காவல் இல்லை. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!