அம்பிகாபதி கதையும் இசைப்படமும்: துன்பமுடிவு குறித்து ஒரு நோக்கு

பாட்டு மிகுந்த திரைப்படத்திற்குத் துன்பமுடிவுடைய காதற்கதை பொருந்துமா என்னும் வினா பழமையானது. பாட்டு கதையை நிறுத்திவைக்கிறது, அது தரும் இன்பம் அவலத்தைத் தணித்துவிடுகிறது என்பது மறுப்போர் வாதம். நிகழ்ந்துவிட்ட துயரை நினைந்து புலம்பும் பாட்டுகளைப் பொறுத்தவரை இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. 1953ஆம் ஆண்டின் 'தேவதாஸ்' படப் பாடல்கள் கதையைப் பாராதவராலும் விரும்பிக் கேட்கப்பட்டமை இதற்குச் சான்று. எனினும் பாட்டே துயரை விளைவிக்கும் கதைகளும் உள. அவற்றுக்கு இவ்வாதம் பொருந்தாது. அம்பிகாபதி கதை அத்தகையது.

கம்பரின் மகன் அம்பிகாபதி சோழன் மகள் அமராவதியைக் காதலித்தான் என்பது செவிவழி வந்த கதை. இதனை வரலாறாகக் கொள்ளச் சான்றில்லை. சிற்றின்பக் கலப்பின்றி 100 பாடல்களை அவையில் பாடிமுடித்தால் அவளை மணக்கலாம் என்பது அவனுக்கு விதிக்கப்பட்ட சோதனை. மறைவிலிருந்து எண்ணிவந்த அமராவதி காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்டாள். 99 பாடல்கள் முடிந்தபோதே அவள் கணக்கில் நூறு நிறைந்துவிட்டது. அவள் மகிழ்ந்து வெளிப்பட்டாள். அவன் அவளைக் கண்டு அவள் அழகைப் பாடினான். தலை போயிற்று.

கதையின் திருப்பம் யாப்புலக மரபொன்றில் நிற்பது மொழியியலார் கருதத்தக்கது. காப்பு நூலின் தொகையில் அடங்காது. அபிராமி அந்தாதியின் 100 பாடல்களில் காப்பும் நூற்பயனும் எண்ணப்படுவதில்லை. புலவனுக்கு இம்மரபு தெரியும். அமராவதி அந்தப் பதற்றத்தில் அதை மறந்தாள். இதனை வேற்றுமொழியில் பெயர்ப்போர் காப்பினைக் 'கடவுள் வணக்கம்' என்று மட்டும் பெயர்த்தால் போதாது. வணக்கம் என்பது அங்கே வரும், எண்ணப்படாமை வராது. எண்ணப்படாமை விடுபட்டால் அமராவதியின் பிழை வெறும் கவனக்குறைவாகச் சுருங்கிவிடும். (அகப்பாட்டால் உயிரிழந்தவனாகச் சொல்லப்படும் இவன் பெயரில் 'அம்பிகாபதி கோவை' என்ற அகத்துறை நூல் வழங்குவதையும் இங்கே நினைவுகூரலாம்.)

பாட்டால் பிரிவு நேர்வது தமிழுக்குப் புதிதன்று. சிலம்பின் கானல்வரியில் கோவலன் பிறளொருத்தியை விரும்பினான்போலப் பாட, மாதவியும் அதற்கு மாறாகத் தான் பிறனை விரும்பினாள்போலப் பாடுகிறாள். பாட்டு மரபின் பொதுமொழியை இருவரும் தத்தம் வாழ்வின் கூற்றாகக் கொண்டதால் மதுரைக்கு வழி திறக்கிறது. கானல்வரியைக் கதையினின்று எடுத்துவிட்டால் கோவலன் மாதவியைப் பிரிவதற்குக் காரணமே இல்லை.

1937இல் எல்லிஸ் ஆர். டங்கன் 'அம்பிகாபதி'யை இயக்கினார். அமெரிக்கரான அவர் தமிழறியாதவர். காதற் காட்சிகளுக்காக 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தைத் தழுவுமாறு வசனகர்த்தா இளங்கோவனை அவர் தூண்டினார் என்பது திரைவரலாற்றில் பலரும் குறிக்கும் செய்தி. இத்தழுவல் தற்செயலாகப் பொருத்தமாகவும் அமைந்தது. அங்கே உரிய நேரத்தில் சேராத ஒரு மடல் காதலரைக் கொல்கிறது. இங்கே தவறிய ஓர் எண். ஆயினும் மடலைப் பாடவேண்டியதில்லை. எண்ணைப் பாடியே தீரவேண்டும். எம். கே. தியாகராஜ பாகவதர் தம் குரலிலேயே பாடி நடித்த காலம் அது; அவையோர் காதால் கேட்ட பாட்டே நாயகனின் சாவுக்குக் காரணமாயிற்று. கதையை முன்பே அறிந்த பார்வையாளர் ஒவ்வொரு பாட்டையும் அச்சத்தோடு கேட்டிருப்பர் என்று கொள்வதில் தவறில்லை. பாட்டின் இன்பம் இங்கே அவலத்தைத் தணிக்கவில்லை, வளர்க்கிறது. 1957இல் சிவாஜி கணேசனும் பி. பானுமதியும் நடிக்க, பி. நீலகண்டன் இயக்கத்தில் இக்கதை மீண்டும் படமாயிற்று. ஜி. இராமநாதன் இசையமைத்தார். பின்னணிக் குரல் வழக்கமாகிவிட்டதால் நாயகனுக்காகப் பாடியவர் டி. எம். சௌந்தரராஜன். பாடுபவனும் மடிபவனும் இருவராகிவிட்டது எனக்குச் சிறிய இழப்பாகவே படுகிறது.

2013இல் 'ராஞ்சணா' என்ற இந்திப் படம் 'அம்பிகாபதி' என்னும் பெயரில் தமிழில் ஒலிமாற்றம் பெற்று வந்தது. காசியில் தொடங்கும் அக்கதைக்குப் பழங்கதையோடு உள்ள உறவு பெயரளவே. நாயகன் இறுதியில் இறக்கிறான். 2025 ஆகஸ்டில் தமிழ் வடிவம் மீண்டும் வெளியானபோது செயற்கை நுண்ணறிவைக்கொண்டு இறுதிக்காட்சி மாற்றப்பட்டு அவன் உயிர்பிழைத்தான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நடிகர் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தனர். படைப்புரிமை பற்றிய அவ்வழக்காடலுக்குள் நாம் புகவேண்டியதில்லை. ஆனால் அம்மாற்றம் ஏன் அத்துணை எளிதாயிற்று என்பதை நோக்கவேண்டும். ஏ. ஆர். ரகுமானின் பாடல்கள் இனியவையே. எனினும் அவற்றுள் ஒன்றேனும் நாயகனின் சாவுக்குக் காரணமன்று. ஆகவே முடிவை மாற்றப் பாடல்களைத் தொடவேண்டிய தேவை எழவில்லை.

பழைய கதையில் இதனைச் செய்ய முனைவோர் காப்பினை நீக்கவேண்டும். நீக்கினால் அமராவதியின் கணக்குச் சரியாகும், காதலர் வாழ்வர். ஆனால் காப்புப் பாடாமல் நூலைத் தொடங்கும் ஒருவனைக் கம்பரின் மகன் என்று அந்த அவை ஏற்காது.