சில தண்ணீர்
ஊரப்பாக்கத்தில் எதிர்வீட்டுப் பெண் பதினொன்றாம் வகுப்பில் பிரெஞ்சு எடுத்திருக்கிறாள். நேற்று நோட்டைக் காட்டினாள்: ‘ஜ புவா த லோ’, எதிரே நீல மையில் ‘நான் சில தண்ணீர் குடிக்கிறேன்’. பிரெஞ்சில் அளவு சொல்லாத நீருக்கும் ரொட்டிக்கும் முன்னால் ‘து’, ‘த ல்’ என்று ஒரு சிறுசொல் வந்தாக வேண்டும். அது இங்கிலீஷ் ‘சம்’ வழியாக வரும்போது ‘சில’ ஆகிவிடுகிறது. பிரெஞ்சிலிருந்து பிறந்த மொரீஷியஸ் கிரியோல் மொழியில் அச்சொல் பெயருக்குள்ளேயே கரைந்து, தண்ணீர் ‘டிலோ’, அரிசி ‘டிரி’. அங்குள்ள தமிழர் நாவிலும் அதுதான். நம் ‘சில’வின் வேர் ‘சில்’. சின்மை என்றால் குறைவு, சின்னாள் என்றால் சில நாள். கலித்தொகையில் களிறு பிடிக்கு ஊட்டிய பிறகே தான் குடிக்கும் கலங்கல் நீருக்குச் ‘சின்னீர்’ என்று பெயர். ஆக, ஒருகாலத்தில் இந்தச் சொல் தண்ணீரோடு அழகாகவே சேர்ந்தது. பிறகு ‘சில’ எண்ணக்கூடியவற்றின் பக்கம் ஒதுங்கிவிட்டது: சில பேர், சில குடம். ‘சிறிது’ எழுத்துக்குப் பொருந்தும், பேச்சில் ‘கொஞ்சம்’. ஆனால் ‘கொஞ்சம் தண்ணி குடுங்க’ என்பதில் அளவைவிடப் பணிவுதான் அதிகம். “அப்போ கொஞ்சம்னு எழுதட்டுமா மாமா?” என்றாள். வேண்டாம்மா என்றேன். ‘தண்ணீரைக் குடித்தேன்’ என்றால் குறிப்பிட்ட தண்ணீர், இன்ன செம்பில் இருந்தது. ‘தண்ணீர் குடித்தேன்’ என்றாலே ஏதோ கொஞ்சம். ‘சில’வை மட்டும் அடித்துக் கொடுத்தேன்.